கடல் தாண்டக் கூடாத நாள்

படகு கிளம்பிவிட்டது, இனி ஆவது ஆகட்டும் என்று மங்கையர்க்கரசி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் இன்னொரு மனசு எழுந்து, ஏன், இப்பக்கூடத் திருப்பலாமே, எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டால் போதுமே, மால்பே துறைமுகம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதே என்றது. போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அதை அதட்டினாள். எதிர்ப் பலகையில் கணவனின் அக்கா சௌந்தரவல்லி, இவளுக்கு மதினி, முந்தானையால் காதை மூடிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகில் ஏறுகிற எல்லோருக்கும் கொடுத்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை, எவன் வேர்வையோ என்று முகம் சுளித்து, போட்டும் போடாமலும் தோளில் தொங்கவிட்டிருந்தாள். மதினிக்குப் பக்கத்தில் கணவன் கதிரேசன் செல்போனில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் மங்கையின் தோளோடு ஒட்டி மகள் சுபிக்ஷா, எட்டாம் வகுப்பு, கம்பியில் நாடியை வைத்தபடி டால்பின் தேடிக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து ராத்திரியெல்லாம் காரில் கர்நாடகத்துக்கு வந்த நாலு பேர். அதில் ரெண்டு பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் மற்ற ரெண்டு பேருக்குத் தெரியாது. படகு ஏறுவதற்குக் கொஞ்சம் முந்தி, கரையோரக் கழிப்பறையில், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று சுபி அம்மா என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, அழவில்லை, ஏதோ பென்சில் உடைந்துபோன மாதிரி சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். மங்கை உள்ளே போனாள், பார்த்தாள், பார்த்ததும் தெரிந்துவிட்டது, மகள் பெரியவளாகிவிட்டாள்.

தெரிந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே வாசலில் நின்று மதினியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அத்தைக்காரி முதலில் தெரிந்துகொள்வதுதான் முறை. மதினி ஓடி வந்து பிள்ளையை ஒரு மூலையில் உட்காரவைத்து, யாரும் தொடாதீங்க என்று கையை விரித்துக்கொண்டு நின்றிருப்பாள். காத்து கருப்பு அண்டாமலிருக்கக் கார்ச் சாவியையாவது அவள் கையில் திணித்திருப்பாள். அப்புறம் போன். முதல் போன் தாய்மாமனுக்கு, அதாவது மங்கையின் அண்ணனுக்கு. ரெண்டாவது போன் தன் மகன் கார்த்திக்கு, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு, அவன்தான் சுபிக்கு முறைமாப்பிள்ளையாம். தொட்டிலில் கிடந்த பிள்ளையையே மருமகளே என்று கூப்பிட்டவள் மதினி. சுபிக்குப் பத்து வயசு முடிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும், நல்லாருக்கியா மங்கை, மழை பேஞ்சதா, அப்புறம் குரலைத் தாழ்த்தி, என்ன, இன்னும் உக்காரலையா? ஏதோ பஸ் வருமா வராதா என்று கேட்கிற மாதிரி. இப்போது பஸ் வந்துவிட்டது. வந்த பஸ்ஸை மங்கை மறைத்து வைத்திருக்கிறாள். தன் கைப்பையிலிருந்து நாப்கினை எடுத்துக் கொடுத்து, எப்படி என்று காட்டி, வயிறு வலிக்குதா என்று கேட்டபோது சுபி சொன்னாள், லேசா. உடனே கேட்டாள், போட் போயிருமாம்மா? அந்த ஒரு கேள்விதான். மற்றபடி மங்கை ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை, யோசித்துத் திட்டம் போட்டவளும் இல்லை. போகாது, வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டாள்.

பாட்டை அலறவிட்டிருந்தார்கள். நடுவில் ஏழெட்டு காலேஜ் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். படகு ஒரு அலையில் ஏறி இறங்கியபோது எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், மங்கை மட்டும் பலகை விளிம்பை இறுகப் பிடித்தாள். இதோ, இதுதானோ? தண்ணியத் தாண்டக் கூடாது, அந்த நேரத்துல பொம்பளப் புள்ளையத் தண்ணியத் தாண்டிக் கூட்டிட்டுப் போனா கூட வந்தவுகளுக்கும் சேத்து ஆகாது, யார் சொன்னது இது? அம்மாவா, மதினியா, எல்லோரும்தான் சொன்னார்கள், சோறு ஊட்டும்போதே சேர்த்து ஊட்டினார்கள். இன்னொரு அலை. சீ, கடலுக்கு என்ன தெரியும், கடல் என்ன படகு படகாக வந்து யார் யார் வீட்டுக்குத் தூரம் என்று விசாரித்துக்கொண்டா இருக்கிறது? இத்தனை பெண்கள் இந்தப் படகில் இருக்கிறார்களே, அந்தப் பச்சைச் சுடிதார், அந்தக் கைக்குழந்தைக்காரி, டிக்கெட் கிழித்த அந்தப் பெண், இவர்களில் ஒருத்திக்குமா இன்றைக்கு இருக்காது? தினமும் இந்தப் படகு போகிறது, தினமும் யாராவது ஒருத்திக்கு இருக்கத்தான் செய்யும், தினமும் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் வலது கை போய்ச் சுபியின் மிதவைச் சட்டையின் கொக்கி இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. பயம் புத்திக்குள்ளேயா இருக்கிறது, எடுத்து வெளியே போட, அது விரலில் இருக்கிறது, முதுகில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். பயந்துகொண்டே செய்கிறேன், செய்யாமல் விடமாட்டேன்.

மங்கையைக் குச்சுக்குள் உட்காரவைத்த நாள் அவளுக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. இத்தனைக்கும் எல்லோரும் அதை மறக்கமுடியாத நல்ல நாள் என்றுதான் சொல்வார்கள். அவள் பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் இருந்தாள், தூணைத் தொட்டுத் திரும்புகிற வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. விருதுநகரில் போட்டி, விடிந்தால் கிளம்ப வேண்டும், வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்கட்டி பூசி ஜன்னலில் காயவைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அழுதுகொண்டு அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், அம்மா கதவைச் சாத்தினாள், அண்ணன் போய்த் தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு வந்தான், வீட்டுப் பின்பக்கம் குச்சு எழும்பியது. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காலையில் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், குமட்டக் குமட்டக் குடி, அப்பத்தான் இடுப்பு பலக்கும். ஓடாத இடுப்புக்குப் பலம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. தெருமுனையில் அணிப் பிள்ளைகள் பஸ் ஏறப் போகிற சத்தம் கீற்றுக்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்புறம் சடங்கு. புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, இன்னார் மகள் பூப்பெய்தியதை முன்னிட்டு என்று மைக்கில் ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தான். கணக்கு சார் வந்தார். வந்து, மணையில் உட்கார்ந்திருந்தவள் கையில் ஒரு டிபன்பாக்ஸைக் கொடுத்து, நல்லாரும்மா என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அப்புறம் அந்த வருஷம் பூராவும் கணக்கு வகுப்பில் அவள் தலை நிமிரவேயில்லை, போர்டில் என்ன எழுதினார் என்றே தெரியாது. இவருக்குத் தெரியும், இந்தப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்குள்ளே நடந்த ஒன்று ஊர் முழுக்கத் தெரியும். கோ-கோ டீச்சர் மறுபடி கூப்பிட்டு அனுப்பியபோது அம்மா, இனிமே என்ன டீச்சர், அவ பெரிய மனுஷி, ஓடக்கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் ஆறவில்லை.

இப்போது அவளுக்கு வேலையே ரத்தத்தோடுதான். அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். காலையிலிருந்து சாயங்காலம் வரை குழாயில் எடுப்பதும் வகை பார்ப்பதும் பையில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைப்பதும்தான். வாசலில் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், எப்படியாவது ஒரு யூனிட் குடுங்கம்மா, சாமி மாதிரி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே மதினிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ராத்திரி மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்குமாக அலைந்து ரத்தம் கொண்டுவந்து சேர்த்தது யார்? மங்கைதான். ஏற்றிய பைகளில் ஒன்று ஒரு காலேஜ் பிள்ளை கொடுத்தது. அந்தப் பிள்ளை அன்றைக்குத் தூரமா, சுத்தமா, என்ன சாதி, ஏதாவது கேட்டார்களா மதினி? வாயைத் திறக்கவில்லை. கையில் ஊசியோடு கண்ணை மூடிக்கொண்டு சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டார்கள். ஊசி வழியாக வந்தால் உயிர், தானாக வந்தால் தீட்டு, என்னடா நியாயம் இது! கேட்டிருக்கலாம். பதினாறு வருஷமாக இப்படி எத்தனையோ கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வைக்கிற மாதிரி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கண்ணயர்ந்திருந்த மதினி தூக்கம் கலைந்து இவளைப் பார்த்தாள். மங்கை சட்டென்று கடலைப் பார்த்தாள். பார்த்தீர்களா, இவ்வளவு பேசுகிறவள் ஒரு பார்வைக்குத் தாங்கவில்லை.

"அம்மா!" சுபி எழுந்தே விட்டாள். "அங்க, அங்க!" படகின் இடதுபக்கம் தண்ணீர் கறுப்பாக ஒரு வளைவு வளைந்தது, முதுகு தெரிந்தது, உள்ளே போனது, கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது, அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடி வர, படகு சரிய, படகுக்காரன் கன்னடத்தில் வைதான். "குட்டிம்மா! குட்டி கூட இருக்கு! ராமேஸ்வரம் பக்கம் இதுக்கு ஓங்கில்னு பேரு, மூச்சு விடத்தான் மேல வருது, மீன் கெடையாதும்மா, நம்மளமாதிரி பால் குடுக்குற ஜாதி" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே சுபி மங்கையின் கையை நசுக்கினாள். ஆறாம் வகுப்பிலிருந்து இதே பேச்சுதான். கடல் நட்சத்திரம், கடல் குதிரை, சொறிமீன், ஆமை, பார்க்காத கடலைப் பற்றி அத்தனையும் தெரியும் அவளுக்கு. இந்தச் சுற்றுலாவே, மதினிக்குக் கொல்லூர் மூகாம்பிகைக்கு நேர்த்திக்கடன், அதற்கு எல்லோரும் வரவேண்டும் என்றபோது, போற வழியில எரிமலைத் தீவு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போனாத்தான் வருவேன் என்று சுபி அடம்பிடித்து வாங்கியது. மங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முகமா ஒரு மூலையில் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், கார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படகு போவதைப் பார்த்துக்கொண்டு? மாட்டேன். அவள் அப்பாவுக்கும் சொல்லமாட்டேன். அவருக்குச் சொன்னால் அக்காவுக்குச் சொன்ன மாதிரி. தாய் செத்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா, அவருக்கு வாயில் வருவதே அக்காவைக் கேட்டுக்கிறலாம் என்பதுதான். கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் சண்டைபோட சௌகரியமாக இருந்திருக்கும். ஊருக்குப் போய், ஒரு வாரம், ஒரு மாசம், முடிந்தால் வருஷக் கணக்கில், யாருக்கும் தெரியாமல், அட அதுதான் முடியுமா, முடியும், முடியவேண்டும். அவள் மூடி மறைப்பதற்கான வழிகளையெல்லாம் மனசுக்குள் அடுக்கத் தொடங்கினாள், மொட்டைமாடியில் துணி காயப்போடுவது வரைக்கும்.

தீவு என்றால் மணலும் தென்னையும் என்று நினைத்திருந்தாள். தென்னை இருந்தது, ஆனால் கரை பூராவும் கறுப்புத் தூண்கள். ஒன்றோடொன்று ஒட்டி, ஐந்து பக்கமும் ஆறு பக்கமுமாக, யாரோ உளி பிடித்துச் செதுக்கி அடுக்கினமாதிரி, சில நெட்டுக்குத்தாக, சில சாய்ந்து, அலை வந்து இடுக்குகளில் நுழைந்து வெள்ளையாக வெளியே வந்தது. "எரிமலைக் கொழம்பு ஆறும்போது சுருங்கிச் சுருங்கி வெடிச்சு இப்பிடி ஆச்சாம்ப்பா, அப்ப மடகாஸ்கர் நம்ம கூட ஒட்டியிருந்துச்சாம்" என்று பலகையைப் படித்துச் சொன்னாள் சுபி. கதிரேசன், "அப்ப இங்கருந்து நடந்தே ஆப்பிரிக்கா போயிருக்கலாம்ல" என்று சிரித்தான். மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. தீவுக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாதென்று நுழைவிடத்தில் புளிச்சோற்றுத் தூக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், அந்த எரிச்சல். "கல்லப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம், நம்மூர்ல இல்லாத கல்லா" என்று தென்னை நிழலில் போய் உட்கார்ந்தாள், தம்பியும் கூடப் போய் உட்கார்ந்தான். சுபி பாறை இறங்கி ஓடினாள். மெதுவா என்று கத்த வாயெடுத்து, அந்த வார்த்தையை மங்கை அப்படியே விழுங்கினாள்.

பாறை இடுக்கில் ஒரு குட்டை. அலை விட்டுவிட்டுப் போன தண்ணீர், கண்ணாடியாக அசையாமல் கிடந்தது. சுபி குந்தி உட்கார்ந்து, தொடாமல், விரலால் காட்டினாள், சங்குக்குள்ளிருந்து காலை நீட்டுகிற நண்டு, பாறையோடு ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரிகிற ஒன்று. "இது பூ இல்லம்மா, உயிரு. இதோட வாய் நடுவுல இருக்கு." மங்கை பார்த்தாள், ஆனால் காது முழுக்கப் பின்னால் தென்னை மரத்தடியில் இருந்தது. குனிந்து மகள் காதில், "மாத்தணுமா? யாருக்கும் தெரியாம அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கு, அத்தை பாக்காதப்ப போவோம், நடக்கும்போது சாதாரணமா நட, வயித்தைப் புடிக்காத, என்ன?" என்றாள். சுபி குட்டையிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா குசுகுசுன்னு பேசுற? நான் எதையும் திருடிட்டேனா?" மங்கை தென்னை மரத்தடியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அத்தைக்குத் தெரிஞ்சா உன்னைய இங்கருந்து கெளப்பிருவாங்கடி. ஊர்ல பேனர் வப்பாங்க, உன் போட்டோ போட்டு." "பேனர் வேணாம். எங்க கிளாஸ் ஜனனிக்குப் பஸ்ஸ்டாண்டுல வச்சாங்க, அவ டூர்னமெண்ட்டுக்கு வரவே இல்ல. எனக்கு வேணாம். ஆனா வேணாம்னு சொல்லணும்னா மொதல்ல ஆயிருச்சுன்னு சொல்லணும்ல? சொல்லாமயே எப்பிடிம்மா வேணாம்கிறது?" எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டது பிள்ளை. மங்கை பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் மைக் வைத்துச் சொன்னார்கள், நான் வாயைப் பொத்திச் சொல்கிறேன், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டிலும் தலைகுனிவது இவள்தானே? கீற்றை நான் என் கையாலேயே வெட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டேனே, இந்தக் கடலுக்கு நடுவில், பாவி. "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றாள் சுபி. "நான்" என்றாள் மங்கை. சொல்லிவிட்டுப் பாறையில் கையை ஊன்றி எழுந்தாள். பதினாறு வருஷத்தில் மதினி முகத்தைப் பார்த்து ஒரு இல்லை சொன்னதில்லை அவள், சேலைக் கலரில்கூட.

தென்னை மரத்தடிக்கு நடந்து போனாள். தூரம் ஒன்றுமில்லை, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மதினி நிமிர்ந்து பார்த்தாள். "மதினி, சுபி பெரியவளாயிட்டா." அவ்வளவுதான் சொன்னாள். மதினியின் முகம் அப்படியே மலர்ந்தது. மங்கை எதிர்பாராதது அதைத்தான். வாயில் கையை வைத்தாள், கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது, எழுந்து நின்று, அந்நியக் கடலில், தெரியாத பாஷை பேசுகிற கூட்டத்துக்கு நடுவில், நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள், உயிர்காப்பாளன் விசிலை வாயில் வைத்தான். அந்தக் குலவையில் பொய்யே இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, சடங்கு முடிந்த கையோடு தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டவள் இவள், இவளுக்கு நடந்த ஒரே திருவிழா அதுதான், இவள் வேறு எதைக் கண்டாள். அந்த இரக்கம் அங்கேயே நின்றிருக்கும், மதினி அடுத்ததைக் கேட்காமலிருந்தால். "எப்ப? இப்பவா?" "காலைல. போட் ஏறுறதுக்கு முன்னாடி." குலவை போட்ட வாய் அப்படியே நின்றது. "தெரிஞ்சா ஏத்துன? தெரிஞ்சேவா இந்தத் தண்ணியத் தாண்டிக் கூட்டிட்டு வந்த? எங்க எல்லாரையும் தொட்டுக்கிட்டு, ஒரே பலகைல, சாயங்காலம் கோயிலு! அடிப்பாவி, எந்தம்பி வம்சத்துக்கு ஒத்தப் பிள்ளையடி அவ!"

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம்தான். மதினி, "ஏய் சுபி, அந்தக் கல்லுலயே உக்காரு, தள்ளி உக்காரு, யாரையும் தொடாத, தண்ணிகிட்ட போகாத" என்று கையை ஆட்டினாள். தம்பியின் சட்டைப்பையில் கையை விட்டுக் கார்ச் சாவியை எடுத்து அவள் பக்கம் எறிந்தாள், அது பாறை இடுக்கில் போய் விழுந்தது. செல்போனை எடுத்து மங்கையின் அண்ணனுக்கு அடித்தாள். டவர் இல்லை. தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தாள், தெற்கே நடந்தாள், ஒரு கறுப்புத் தூண்மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தாள். கைக்கெட்டிய சேதியைச் சொல்ல ஆளில்லாமல் தவித்த அந்தத் தவிப்பு பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது. சுபி உட்காரவில்லை. இடுக்கில் கைவிட்டுச் சாவியை எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, குட்டையோரம் போய் மறுபடியும் நண்டைப் பார்த்தாள். கதிரேசன் அக்காவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன் மங்கை எங்கிட்டக்கூட..." என்றான். கோபமில்லை, அடிபட்ட குரல். "சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டாள் மங்கை. அவன் யோசித்தான். யோசித்துப் பொய் சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டான்.

படகு வந்து நின்று ஹாரன் அடித்தது. இதை விட்டால் அடுத்த படகு மதியத்துக்கு மேல்தான். மதினி மூச்சிரைக்க வந்து ஏற்பாட்டைச் சொன்னாள், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு உண்டு அவளிடம். "போட்டுக் கடைசில, எஞ்சின் கிட்ட ஒத்தையா உக்காரட்டும். நாம இந்தப் பக்கம். கரை ஏறுனதும் கோயிலும் வேணாம் ஒண்ணும் வேணாம், நேரா ஊரு. போற வழியிலயே குச்சு கட்டச் சொல்லிப் போன் பண்ணிருவோம்." வழக்கமாக இந்த இடத்தில் மங்கை சரிங்க மதினி என்று சொல்வாள். வாய் அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் திறக்கக்கூடச் செய்தது. உள்ளே இத்தனை வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும், ரத்தப் பையையும் கோ-கோவையும் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கிவிடலாம் என்றெல்லாம் நினைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. வந்தது நிதானமான ஒரு குரல், ரத்த வங்கி ஜன்னலில் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரல். "குச்சு கட்டமாட்டோம் மதினி. சடங்கு கெடையாது, பேனர் கெடையாது. எங்கண்ணங்கிட்ட நானே சொல்லிக்கிறேன். கோயிலுக்கு வர்றதும் வராததும் அவ இஷ்டம். போட்டுல அவ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காருவா." "தீட்டுடி!" "சரி. தள்ளித்தான் உக்காரணும்னா, நீங்க தள்ளி உக்காருங்க."

சொல்லிவிட்டாள். சொன்ன சொல் அவள் காதிலேயே விழுந்து, அட நானா என்றிருந்தது. மதினி தம்பியைப் பார்த்தாள். "கேட்டியாடா? உம்பொண்டாட்டி சொன்னதக் கேட்டியா?" கதிரேசன் தண்ணீரில் இறங்கி நின்றான். படகு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது, விளிம்பு உயரம், ஏற ஒரு கை வேண்டும். சுபி பாறையிலிருந்து வந்து, ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து நின்றாள், நீட்டவில்லை, காத்திருந்தாள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவளைப் பார்த்தபடி அவனும் நின்றான். ஒரு அலை வந்து அவன் முழங்காலுக்குமேல் நனைத்துவிட்டுப் போனது. "தொடாதடா" என்றாள் அக்கா, கெஞ்சுகிற மாதிரி. அவன் குனிந்து, மகளின் இடுப்பில் ரெண்டு கையையும் கொடுத்து, சின்னப் பிள்ளையில் தூக்குவானே அப்படித் தூக்கிப் படகில் விட்டான். விட்டுவிட்டு, "ஏறுக்கா, போட் போயிரும்" என்றான்.

மங்கை ஏறினாள், கதிரேசன் ஏறினான், சுபி ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, வரும்போது குட்டியோடு பார்த்த டால்பின் திரும்பவும் வருமா என்று படகுக்காரனிடம் கையாலேயே நீந்திக் காட்டிக் கேட்டாள். அவனும் சிரித்துக்கொண்டு கையாலேயே ஏதோ பதில் சொன்னான். மதினி கடைசியாக ஏறினாள். யார் பக்கமும் பார்க்காமல் பலகைகளைத் தாண்டிப் போய், படகின் கடைசியில், எஞ்சினை ஒட்டி ஒத்தையாக உட்கார்ந்தாள். டீசல் புகை மூஞ்சியில் அடித்தது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் தெறித்துச் சேலை நனைந்தது, மிதவைச் சட்டையை இப்போது ஒழுங்காக மாட்டிக்கொண்டு கொக்கியைப் போடத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இன்னும் ஒரு ஆள் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. மங்கை திரும்பிப் பார்த்தாள், பாவமாகத்தான் இருந்தது. கூப்பிடவில்லை.